பூஜ்ஜியச் சாவி

செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்துக்கும் அரியலூர் சிமெண்ட் லோடுக்கும் இப்போது காசு ஃபோனில்தான் வந்து விழுகிறது. பேருந்து நிலையத்து டீக்கடை வைஃபையில் இருப்புப் பார்க்கிறோம். காற்றில் போகும் அந்தத் தகவலைப் பூட்டுவது யார்?

பெரும்பாலும் வைஃபை சில்லு. டிரைவர் என்னும் சிறு மென்பொருள் சாவியைச் சில்லிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். தகவல் பொட்டலங்களைப் பூட்டுவதும், வருவது அசல்தானா என்று சரிபார்ப்பதும் சில்லுக்குள்ளேயே நடக்கும். வேகம் கிடைக்கும், பேட்டரி மிச்சமாகும். ஆனால் பூட்டு ஒழுங்காக விழுந்ததா என்று மேலே இருக்கும் ஆண்ட்ராய்டு எட்டிப் பார்ப்பதில்லை.

அந்த நம்பிக்கை 2020 பிப்ரவரியில் ஆட்டம் கண்டது. பிராட்காம், சைப்ரஸ் சில்லுகளில் இருந்த ஒரு குறையை இணையப் பாதுகாப்பு நிறுவனமான ஈசெட்டின் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பெயர் க்ரூக். இணைப்பு அறுந்ததும் சில்லு சாவியை அழித்துப் பூஜ்ஜியமாக்கும், அதுவரை சரி. அனுப்பக் காத்திருந்த மிச்சப் பொட்டலங்களையும் அந்தப் பூஜ்ஜியத்தாலேயே பூட்டி வெளியே தள்ளிவிட்டது என்பதுதான் கோளாறு. அருகில் இருப்பவர் வைஃபை கடவுச்சொல் தெரியாமலே இணைப்பை அறுத்து அறுத்து அவற்றைப் படிக்க முடியும். ஐஃபோன், சாம்சங் கேலக்ஸி, ரெட்மி 3எஸ் என இந்தக் குறையுள்ள சாதனங்கள் நூறு கோடிக்கும் மேல் இருக்கும் என்றது ஈசெட்.

வங்கிச் செயலி தனக்கென இன்னொரு பூட்டுப் போட்டுக்கொள்வதால், க்ரூக்கால் மட்டும் கணக்கு காலியாகிவிடாது. நம் பக்கம் பணம் போவதற்கு ஓடிபியைச் சொல்லிவிடுவதும் ஒரு காரணம். க்ரூக்குக்கு மருந்து மென்பொருள் புதுப்பிப்புதான். புதுப்பிப்பு நின்றுபோன பழைய ஃபோனை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவதுதான் எனக்குக் கவலை. வாங்குமுன் அமைப்புகளில் பாதுகாப்புப் புதுப்பிப்புத் தேதியைப் பாருங்கள். பொய் சொல்லி விற்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

பணமே போய்விட்டால் முதல் அழைப்பு இணையக் குற்ற உதவி எண் 1930-க்கு, அடுத்தது வங்கிக்கு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, தவறு வங்கியிடமும் இல்லை உங்களிடமும் இல்லை என்றால், பணம் போனதாக வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தவருக்கு இழப்பு இல்லை. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும்வரை போனது உங்கள் தலையில். அதற்குப் பின் போவது வங்கியின் பொறுப்பு. முப்பது நாளில் வங்கி தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. வழி கேட்க 14448.

கிளையில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். எழுதிக் கொடுத்து, தேதி போட்ட ஒப்புகையை வாங்குங்கள். மூன்று நாள் கணக்குக்குச் சாட்சி அதுதான்.