இலவச அன்ட்ரொயிட்டுக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

வட்டக்கச்சியில் கைத்தொலைபேசி திருத்தும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். கனடாவிலிருந்தோ பிரான்சிலிருந்தோ பிள்ளைகள் அனுப்பிய போனோடு வரும் அம்மாமார் வட்ஸ்அப் போட்டுத்தரச் சொல்வார்கள். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "தம்பி, நாங்கள் போடாத உந்தச் சாமான் எல்லாம் எப்பிடி இதுக்குள்ளை வந்தது? அழிக்கவும் ஏலாமல் கிடக்கு."

நல்ல கேள்வி. அந்தப் போன்களை இயக்கும் அன்ட்ரொயிட்டை 2005இல் கூகுள் வாங்கியது. அதில் இயங்கும் முதல் போன் 2008இல் வந்தது. அன்ட்ரொயிட்டின் அடிப்படை நிரல் திறந்த மூலம். யாரும் படிக்கலாம், மாற்றலாம், காசு கொடுக்காமல் தங்கள் போனில் பதிக்கலாம். ஆனால் பிளே ஸ்டோர், மப்ஸ், பல செயலிகளின் அறிவித்தல்களைக் கொண்டுவந்து சேர்க்கும் பிளே சேர்விசஸ் எல்லாம் மூடிய மென்பொருள்கள். அவை வேண்டுமென்றால் போன் செய்யும் கொம்பனி கூகுளோடு ஒப்பந்தம் போட வேண்டும். இரணைமடு வாய்க்கால் தண்ணீர் எல்லாருக்கும் பொது என்று சொல்லிவிட்டு, துருசின் திறப்பை ஒருவர் மடியில் வைத்திருப்பது போன்ற ஏற்பாடு இது.

இந்த ஏற்பாட்டைத்தான் ஐரோப்பிய ஆணைக்குழு 2018இல் குற்றமாகக் கண்டது. பிளே ஸ்டோர் வேண்டுமானால் கூகுள் தேடலையும் குரோமையும் சேர்த்தே பதிக்க வேண்டும், அன்ட்ரொயிட்டின் மாற்றுப் பதிப்புள்ள போன்களை விற்கக்கூடாது என்ற நிபந்தனைகளுக்காக 434 கோடி யூரோ தண்டம் விதித்தது. நீதிமன்றம் 2022இல் அதை 412.5 கோடியாகக் குறைத்தாலும் தீர்ப்பின் பெரும்பகுதியை ஏற்றது. அதே ஆண்டு இந்தியப் போட்டி ஆணையமும் 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தது.

கூகுள் மட்டுமல்ல, போன் செய்பவர்களும் தங்கள் செயலிகளையும் பிறருடைய செயலிகளையும் முன்கூட்டியே ஏற்றுகிறார்கள். டப்ளின் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் டக்ளஸ் லீத்தும் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 2021இல் சம்சுங், ஷாவ்மி, ஹுவாவே, ரியல்மி போன்களைச் சோதித்தார்கள். கையே படாமல் சும்மா கிடந்த போன்களும் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தன. அன்ட்ரொயிட்டின் திறந்த மூல மாற்றுப் பதிப்பான லினியேஜ் ஓஎஸ்ஸும் அந்தச் சோதனையில் இருந்தது. அதன்மேல் கூகுள் செயலிகளை ஏற்றியதும் மற்றப் போன்களைப் போலவே அதுவும் கூகுளுக்கு அனுப்பியது. கூகுள் பகுதிகளை அகற்றிய ஈ ஓஎஸ் மட்டுமே விதிவிலக்கு. திறந்த நிரல் என்ற பெயர் மட்டும் ஒருவரையும் காப்பாற்றாது. அதன்மேல் யார் எதை ஏற்றுகிறார் என்பதே கணக்கு.

நம் மொழி பேசும் ஊரிலும் ஒரு முயற்சி நடந்தது. சென்னை ஐஐடியின் ஆதரவில் வளர்ந்த நிறுவனம் ஒன்று 2023 ஜனவரியில் பாரோஸ் என்ற இயங்குதளத்தை அறிமுகப்படுத்தியது. அன்ட்ரொயிட்டின் திறந்த நிரலில் கட்டியது. எந்தச் செயலியும் முன்கூட்டியே இராது. எதை ஏற்றுவது, எதற்கு என்ன அனுமதி கொடுப்பது என்பதெல்லாம் பாவிப்பவர் விருப்பம். முதலில் அது இரகசியம் பேணவேண்டிய நிறுவனங்களுக்கென்றே வழங்கப்பட்டது.

"அப்ப எனக்கும் லினியேஜ் போட்டுத்தாங்கோ அண்ணை" என்று இளம் பெடியள் சிலர் கேட்பதுண்டு. முடிந்த போனுக்குப் போட்டுக் கொடுப்பேன், ஆனால் முதலே சொல்லிவிடுவேன்: சில வங்கிச் செயலிகள் மாற்று இயங்குதளத்தில் திறக்காது, எல்லா மொடலுக்கும் அது கிடைக்காது, அதற்காகப் போனின் மென்பொருள் பூட்டை உடைத்தால் உத்தரவாதம் போகலாம். வெளிநாட்டுக் காசைப் போனிலேயே பார்க்கும் வீட்டுக்கு இது சின்ன விசயமில்லை.

இலங்கையில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது. ஆனால் அந்தச் சட்டம் வந்து காக்கும்வரை காத்திராமல், இருக்கிற போனிலேயே இன்றிரவு மூன்று வேலை செய்யுங்கள். அமைப்புகளுக்குள் போய் விளம்பர அடையாள எண்ணை அழியுங்கள். இருப்பிட அனுமதியைச் செயலி பாவிக்கும்போது மட்டும் என்று மாற்றுங்கள். அழிக்க முடியாத, தேவையில்லாத செயலிகளை முடக்குங்கள். அடுத்த போன் வாங்கப் போகும்போது கமராவின் மெகாபிக்சலைக் கேட்க முன்னர், எத்தனை வருடத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் வரும், எந்தச் செயலிகளை அழிக்க முடியாது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். என் கடையும் அதற்குள் அடக்கம்.