பணியர் குலப் பெண்டிரும் உடல்நலமும்

உடல்நலம் மருந்தினாலும் மருத்துவராலும் மட்டும் அமைவதன்று; ஒருவர் சமுதாயத்திற் பெற்றுள்ள நிலையும் அதனை அறுதியிடுகின்றது. இவ்வுண்மைக்குக் கேரளத்து வயநாட்டில் வாழும் பணியர் குலப் பெண்டிர் தக்க சான்றாவர்.

பெண்கல்வியிலும் சிசு மரணத்தைக் குறைத்தலிலும் இந்திய மாநிலங்களுள் முன்னணியில் நிற்பது கேரளம். அம்மாநிலத்துப் பழங்குடிகளுள் தொகையில் மிக்கவர் பணியர். ஆயினும், மாநிலம் எய்திய நலங்கள் அவர்தம் குடிசைகளை முழுமையாகச் சென்றடைந்தில. இதற்குக் காரணம் யாது?

பணி செய்வோர் என்பதே பணியர் என்னும் பெயரின் பொருள். நிலவுடைமையாளரின் வயல்களில் அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொத்தடிமைகளாய் உழைத்தனர். மானந்தவாடிக்கு அணித்தாயுள்ள வள்ளியூர்க்காவுத் திருவிழாவிலே, ஓராண்டு உழைப்புக்கு முற்பணம் பெற்றுத் தம்மை ஒப்புக்கொடுக்கும் வழக்கமும் நிலவியது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்தது. எனினும், 1970இல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம் குத்தகைக் குடிகளுக்கே விளைநிலத்தை உரிமையாக்கியமையால், கூலிகளாயிருந்த பணியருட் பெரும்பாலோர் வயலுரிமை பெற்றிலர்.

நிலமின்மை உடலை வாட்டுவது எங்ஙனம்? நாட்கூலியே வாழ்வுக்கு ஆதாரமாதலின், வேலையற்ற மழைக்காலத்தில் உணவு சுருங்குகின்றது. வயலும் வரப்பும் தந்த கீரை, மீன், நண்டு என்பனவும், நெல்வயல்கள் வாழைத்தோட்டங்களாக மாறியபோது அருகின. இரும்புச்சத்துக் குறையவே இரத்தச்சோகை உண்டாகின்றது. கருவுற்ற காலத்தில் அது தாய்க்கும் சேய்க்கும் இடராகின்றது.

இதனோடு, அரிவாளணுச் சோகை என்னும் பரம்பரை நோயும் அப்பகுதிப் பழங்குடிகளிடையே காணப்படுகின்றது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணுவைப் பெறும் பிள்ளையின் செங்குருதிக் கலங்கள் அரிவாள் வடிவுற்றுக் குருதியோட்டத்தைத் தடுக்கும், கடுநோவும் உண்டாகும். நோய் பிறப்பால் வருவதேயாயினும், அதனைக் காலத்திற் கண்டறிதல் சமுதாய நிலையைப் பொறுத்தது. உழைப்பாளிப் பெண்ணின் உடல்நோவு வேலைக்களைப்பென்றே எளிதில் தள்ளப்பட்டுவிடும்.

வைத்தியசாலைக்குச் செல்லும் நாளிற் கூலி இல்லை. வழிச்செலவுக்குக் கடன்பட வேண்டும். அங்கு ஏளனச்சொல் கேட்பின் மறுமுறை செல்ல மனம் ஒப்பாது. இவற்றை நோக்காது, அறியாமையே காரணமெனப் பழிப்பது நோயாளர்மீது மற்றுமொரு சுமையை ஏற்றுவதாகும்.

அயலிலுள்ள நீலகிரி மாவட்டத்துக் கூடலூரிலும் பணியர் வாழ்கின்றனர். அங்கு 1990இல் ஆதிவாசிகளுக்கென ஒரு மருத்துவமனை நிறுவப்பட்டது. பழங்குடிப் பெண்களே தாதியராகவும் ஊர்ச் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றப்பட்டனர். தம் மொழியறிந்த ஒருத்தி அருகிருந்து பேணுமிடத்து நோயாளி அச்சமின்றி வாய் திறக்கின்றாள். எனவே, மருந்தோடு நிலம், நேரிய கூலி, மதிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றி இப்பெண்டிரின் உடல்நலம் நிலைபெறாது என்பது தெளிவு.