மின்னழுத்தத்தை ஏற்றும் சுருள்

காசிமேட்டிலிருந்து இரவில் புறப்படும் விசைப்படகொன்றின் மின்கலம் 12 வோல்ட் தருகிறதென்று கொள்வோம். படகின் விளக்குக்கோ 24 வோல்ட்டில் 1 ஆம்பியர் வேண்டும். அது அணைந்தால் எதிரே வரும் படகுக்கு நம் படகு தெரியாது.

ஏற்றும் வேலையைச் செய்வது ஒரு கம்பிச்சுருள். ஓடும் மின்னோட்டத்தைத் திடீரெனத் தடுத்தால் சுருள் இணங்காது, மின்னழுத்தத்தை உயர்த்தும். திருவொற்றியூரில் பல்லாண்டு உருவான என்பீல்டு மோட்டார் சைக்கிளின் பற்றவைப்புச் சுருளும் இதற்கு உறவே. இங்கே மாஸ்பெட் என்னும் மின்னணுச் சாவி அம்மின்னோட்டத்தை, விநாடிக்கு 1,00,000 முறை என்று வைத்துக்கொள்வோம், விட்டுவிட்டுத் தடுக்கிறது.

விளக்குக்கு 1 ஆம்பியர் என்றால் சுருளுக்கும் அதுவே போதுமென்று மாணவர் பலர் எழுதிவிடுவர். தவறு அங்கேதான். விளக்கு கொள்வது 24 வாட். நூற்றுக்குப் பத்து வீணானால் மின்கலம் சுமார் 26.7 வாட் தரவேண்டும், அதாவது 2.2 ஆம்பியர். 100 மைக்ரோஹென்றிச் சுருளில் 0.6 ஆம்பியர் ஏற்ற இறக்கம் உண்டாதலின் உச்சம் 2.5 ஆகும். மின்கலம் தளர்ந்து 10.5 வோல்ட்டுக்கு இறங்கினால் அது 3 ஆம்பியரை நெருங்கும். உள்ளகம் காந்தத்தால் நிறைந்துவிட்டாலோ சுருள் வெறுங்கம்பிக்குச் சமம். மின்னோட்டம் மதகுடைந்த ஏரிபோல் பாய்ந்து சாவியை எரித்துவிடும். ஆகவே 4 ஆம்பியர் வரை நிறைவடையாத சுருளையே கேட்டு வாங்குக.

சாவியும் டயோடும் 40 வோல்ட்டுக்குக் குறையாமல் தாங்கவேண்டும். டயோடு ஷாட்கி வகையாயின் இழப்புக் குறைவு.

மின்தேக்கியில் தவறியவன் நானே. 24 தானே என்று 25 வோல்ட் தாங்குவதைப் பொருத்தினேன். கட்டுப்பாட்டுச் சுற்றும் வைக்கவில்லை. விளக்கைக் கழற்றியதும் மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போய், அது மேசைமேல் வெடித்தது. இப்போது கட்டுப்பாட்டுச் சுற்றோடு 50 வோல்ட் தாங்குவதையே பொருத்துகிறேன்.