இரும்புச்சத்து மாத்திரையும் பில்டர் காபியும்



2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை. இவர்களுக்குப் பிரசவத்தில் சற்று அதிகமாக இரத்தம் போனாலும் உயிருக்கு ஆபத்து. மயிலாப்பூரில் எங்களிடம் வரும் தாய்மார் சிலர் இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்குகிறார்கள். காபியும் தேநீரும் இரும்பைப் பிணைத்து, குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. காபியை அடியோடு விடச் சொன்னால் இவ்வூரில் யார் கேட்பார்கள்? மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறோம். கால்சியம் மாத்திரைக்கும் வேறு வேளை. கீரை, பயறு உண்ணும்போது எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் அல்லது கொய்யா சேர்த்தால், அவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பு உடலில் சேர உதவும்.

மலம் கறுப்பதைக் கண்டு பயந்து மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. அது உடலில் சேராத இரும்பின் நிறமே. ஹீமோகுளோபின் சரியான பிறகும் சுமார் 3 மாதம் தொடர்ந்தால்தான் உடலின் இருப்பு நிரம்பும்.