கறுப்புக் காய் வந்தால் கவலை எதற்கு?

செஞ்சிக் கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா, குழந்தைகளே? ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் இணைத்து வளைத்துக் கட்டிய நீண்ட மதில். ராஜகிரியின் உச்சிக்குப் போகும் வழியில் பாறைகளுக்கு நடுவே ஆழமான ஒரு பிளவு இருக்கும். அந்தக் காலத்தில் அதன் மேல் மரப்பாலம் போட்டிருந்தார்கள். செஞ்சி, தொண்டூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பழகிய இடங்கள்தான்.

1690-ஆம் ஆண்டு மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் பெரும் படையோடு வந்து இந்தக் கோட்டையை முற்றுகையிட்டார். உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை உடனே விழுந்துவிட்டதா? இல்லை. 1698-இல்தான் மொகலாயர் கைக்கு வந்தது. அதற்கு முன்பே ராஜாராம் தப்பிப் போய்விட்டார்! ராஜா பிழைத்தார், போராட்டமும் தொடர்ந்தது.

சதுரங்கத்திலும் இதே கதைதான். வெள்ளைக் காய்காரர் முதலில் நகர்த்துவார். கறுப்புக் காய்காரர் பதில் சொல்ல வேண்டும். பள்ளிப் போட்டியில் கறுப்பு வந்துவிட்டால் சிலருக்கு முகம் வாடிவிடும். "அவன்தானே முதலில் ஆடுகிறான்!" என்பார்கள். முதல் நகர்த்தலால் வெள்ளைக்குச் சின்ன லாபம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் சரியான பதிலைத் தெரிந்து வைத்திருந்தால் அந்த லாபம் மெல்லக் கரைந்துவிடும். எப்படி என்று பார்ப்போமா?

ராணி பக்கத்துத் தூண்டில்

பலகையையும் காய்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரரின் இடக்கையிலிருந்து வலக்கைக்கு ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று 8 வரிசைகள். அவர் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை 1 முதல் 8 வரை எண்கள். இனி எந்தக் கட்டத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம்.

உலகம் முழுவதும் ஆடப்படும் புகழ்பெற்ற தொடக்கம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் குவீன்ஸ் காம்பிட்.

1. வெள்ளைச் சிப்பாய் டி4, கறுப்புச் சிப்பாய் டி5.
2. வெள்ளைச் சிப்பாய் சி4.

சி4-இல் நிற்கும் சிப்பாயைக் கறுப்பு வெட்டலாம். வெள்ளை வேண்டுமென்றேதான் அதை நீட்டுகிறது. ஏன்? கறுப்பின் டி5 சிப்பாய் அதை வெட்டினால் பலகையின் நடுவை விட்டு ஓரமாகப் போய்விடும். பிறகு நடுப்பகுதி வெள்ளையின் ராஜ்யம்! தூண்டிலில் புழுவைக் கோத்து நீட்டுவது போலத்தான் இது.

இதற்குக் கறுப்பிடம் மூன்று நல்ல பதில்கள் இருக்கின்றன.

பதில் 1: வெட்டலாம், ஆனால் பிடிவாதம் கூடாது

சி4 சிப்பாயை வெட்டுவது தப்பில்லை. வெட்டியதைக் காப்பாற்றியே தீருவேன் என்று அடம்பிடிப்பதுதான் தப்பு. ஆடிப் பாருங்கள்:

3. வெள்ளை இ3. கறுப்பு பி5 (சிப்பாயைக் காக்கிறதாம்!).
4. வெள்ளை ஏ4. கறுப்பு சி6.
5. வெள்ளை ஏ சிப்பாயால் பி5-இல் வெட்டுகிறது. கறுப்பு சி சிப்பாயால் திருப்பி வெட்டுகிறது.
6. வெள்ளை ராணி எஃப்3!

இப்போது ராணியின் பார்வை எங்கே போகிறது? குறுக்காக ஏ8 மூலை வரை. அங்கே கறுப்பு யானை மாட்டிக்கொண்டது. குதிரையைக் குறுக்கே வைத்தால் குதிரை போகும். ஒரு சிப்பாய்க்கு ஆசைப்பட்டுப் பெரிய காயை இழந்த கதை!

எனவே சிப்பாயை வெட்டினால், அதை மறந்துவிட்டுக் குதிரைகளையும் பிஷப்புகளையும் வெளியே கொண்டு வாருங்கள். வெள்ளை தன் சிப்பாயைத் திரும்பப் பெறப் பாடுபடும்போது உங்கள் படை தயாராகிவிடும்.

பதில் 2: இ6

வெட்டாமல், இ சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி டி5-க்குக் காவல் போடுவது. பாறை போல உறுதியான பதில். ஒரே குறை, சி8-இல் நிற்கும் பிஷப்புக்கு வழி அடைபட்டுவிடும். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இந்தப் பதிலுக்குள்ளே ஒரு பொறியும் ஒளிந்திருக்கிறது. பெயர், யானைப் பொறி. பெயரில்தான் யானை. யானைக் காய் இதில் நகரவே நகராது!

3. வெள்ளைக் குதிரை சி3. கறுப்புக் குதிரை எஃப்6.
4. வெள்ளை பிஷப் ஜி5. கறுப்பின் இன்னொரு குதிரை டி7.
5. வெள்ளை சி சிப்பாயால் டி5-இல் வெட்டுகிறது. கறுப்பு இ சிப்பாயால் திருப்பி வெட்டுகிறது.

எஃப்6 குதிரை நகர்ந்தால் பின்னால் நிற்கும் ராணி வெட்டுப்படும். ஆகவே டி5 சிப்பாய்க்குக் காவலே இல்லை என்று வெள்ளை நினைக்கிறது.

6. வெள்ளைக் குதிரை டி5 சிப்பாயை வெட்டுகிறது. கறுப்புக் குதிரை பயப்படாமல் அந்தக் குதிரையை வெட்டுகிறது!
7. வெள்ளை பிஷப் கறுப்பு ராணியை வெட்டுகிறது. கறுப்பு பிஷப் பி4-க்கு வந்து "செக்!" என்கிறது.

வெள்ளை ராஜாவுக்கு ஓட இடமில்லை. தன் ராணியை டி2-இல் கொண்டு வந்து மறைப்பது ஒன்றே வழி. கறுப்பு பிஷப் அந்த ராணியை வெட்ட, வெள்ளை ராஜா பிஷப்பை வெட்ட, கறுப்பு ராஜா டி8-இல் நிற்கும் வெள்ளை பிஷப்பை வெட்டுகிறது. கணக்குப் போடுங்கள்: வெள்ளைக்குக் கிடைத்தது ஒரு சிப்பாய், கறுப்புக்குக் கிடைத்தது ஒரு குதிரை!

பதில் 3: சி6

இதுவும் டி5-க்குக் காவல்தான். ஆனால் சி சிப்பாயால் காப்பதால் சி8 பிஷப்பின் வழி திறந்தே இருக்கும். ஸ்லாவ் தற்காப்பு என்று இதற்குப் பெயர். முதல் இரண்டு பதில்களைப் பழகியபின் இதையும் ஆடிப் பாருங்கள்.

ஆனந்த் எதைத் தேர்ந்தெடுத்தார்?

மூன்றில் எது சிறந்தது என்று கேட்கிறீர்களா? நம் சென்னையின் விஸ்வநாதன் ஆனந்த் ஒருமுறை என்ன செய்தார் என்று பாருங்கள்.

2010-ஆம் ஆண்டு, பல்கேரியாவின் சோபியா நகரம். உலக சாம்பியன் ஆனந்துக்கும் அந்நாட்டு வீரர் டோபலோவுக்கும் 12 ஆட்டங்கள் கொண்ட போட்டி. ஏப்ரல் 24-இல் நடந்த முதல் ஆட்டத்தில் ஆனந்துக்குக் கறுப்பு. டோபலோவ் டி4 ஆட, ஆனந்த் குரூன்ஃபெல்ட் என்ற வேகமான, சிக்கலான பதிலைத் தேர்ந்தெடுத்தார். நகர்த்தல்களில் ஒரு குழப்பம் நேர்ந்தது. 30 நகர்த்தல்களில் தோல்வி!

அவர் துவண்டுவிடவில்லை. 11 ஆட்டங்கள் முடிந்தபோது இருவரும் ஆளுக்கு 5½ புள்ளி. மே 11-இல் கடைசி ஆட்டம். மறுபடியும் ஆனந்துக்குக் கறுப்பு. மறுபடியும் டோபலோவ் டி4.

இந்தமுறை ஆனந்த் தேர்ந்தெடுத்தது நம் இரண்டாவது பதிலான இ6. அதிலும் 1894 முதல் 1921 வரை உலக சாம்பியனாக இருந்த எமானுவேல் லாஸ்கரின் பெயரால் வழங்கும் பழைய முறை. 7-வது நகர்த்தலில் குதிரையை இ4-க்கு அனுப்பினார். அடுத்த சில நகர்த்தல்களில் ஒரு ஜோடி பிஷப்பும் ஒரு ஜோடி குதிரையும் பலகையை விட்டுப் போயின. சின்ன வீட்டில் விருந்தாளிகள் நிறைந்திருந்தால் மூச்சு முட்டும், இல்லையா? நான்கு பேர் கிளம்பினால் தாராளமாகக் கால் நீட்டலாம். இடம் குறைவாக இருக்கும் கறுப்புக்கும் காய்களை மாற்றிக்கொள்வது அப்படித்தான்.

ஆட்டம் டிராவில் முடிந்தால் அடுத்து விரைவு ஆட்டங்கள். அதில் ஆனந்த் மகா கெட்டிக்காரர். அதனால் டோபலோவ் எப்படியாவது வெல்லத் துடித்தார். 31-வது, 32-வது நகர்த்தல்களில் அடுத்தடுத்து இரண்டு சிப்பாய்களை வெட்டினார். அவருடைய ராஜாவுக்கு முன்னால் இருந்த மதில் திறந்துகொண்டது. ஆனந்தின் ராணி இ4-இல் பாய்ந்து "செக்" வைத்தது. அதற்குப் பின்பலமாக ஏ8 மூலையில் நின்றது யார் தெரியுமா? தொடக்கத்தில் வழி அடைபட்டுக் கிடந்த அதே பிஷப்! 56 நகர்த்தல்களோடு டோபலோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஆனந்த் 6½ - 5½ என்ற கணக்கில் பட்டத்தைத் தக்கவைத்தார்.

அந்தப் போட்டியில் ஆனந்த் 6 ஆட்டங்களில் கறுப்புக் காய் ஆடினார். வென்றது ஒன்றே ஒன்றில்தான். அதுவும் கடைசி ஆட்டத்தில்!

பதில் புதியதா, பழையதா என்பது முக்கியமல்ல. ஒவ்வொரு நகர்த்தலும் எதற்காக என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்த பத்துப் பதில்களைவிட, காரணம் தெரிந்த ஒரே பதில் மேல்.

நீங்கள் செய்ய வேண்டியது

* மூன்றில் உங்களுக்குப் பிடித்த ஒரு பதிலைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மாதம் அதையே ஆடுங்கள்.
* ஒவ்வொரு ஆட்டத்தையும் நோட்டில் எழுதி வையுங்கள். தோற்ற ஆட்டத்தில் எந்த நகர்த்தலில் சறுக்கியது என்று வட்டம் போடுங்கள்.
* எதிராளி காயை இலவசமாக நீட்டினால், "எதற்காக?" என்று உங்களையே கேட்டுவிட்டு வெட்டுங்கள்.
* சீக்கிரம் கோட்டை கட்டி ராஜாவைப் பத்திரப்படுத்துங்கள். ராஜா இருக்கும்வரை ஆட்டம் இருக்கிறது!

இன்னொரு சேதி. 2024 டிசம்பர் 12-இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியின் 14-வது, கடைசி ஆட்டத்தில் சென்னைச் சிறுவர் குகேஷ், சீனாவின் டிங் லிரனை வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அந்த ஆட்டத்தில் அவருக்குக் கிடைத்ததும் கறுப்புக் காய்தான்!

அடுத்த முறை போட்டியில் உங்களுக்குக் கறுப்பு வந்தால், சிரித்துக்கொண்டே உட்காருங்கள்.