காற்று இலவசம்தானே?



காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துத் தரும் இயந்திரம் ஒன்று வாங்க உதவும்படி சென்ற மடலில் கேட்டிருந்தோம். பலர் தாராளமாக அனுப்பினீர்கள், ஸ்தோத்திரம். மூத்த அன்பர் ஒருவர் காணிக்கையோடு ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்பியிருந்தார். "தேவன் காற்றை எல்லாருக்கும் இலவசமாகத் தந்திருக்கிறார். அதை ஏன் இத்தனை ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும்? அந்தப் பணத்திலும் ஒரு பங்கைக் கிராமங்களில் இரத்தப் பரிசோதனைக்கு ஒதுக்கியிருக்கிறீர்களே, அது எதற்கு?"

நியாயமான கேள்விதான். கணக்குக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. நாங்கள் இறையியல் படித்தவர்கள். மருத்துவம் படித்தவர்கள் அல்ல. ஆகவே இதை எழுதி, நம் மருத்துவரிடம் காட்டித் திருத்திய பிறகே உங்களுக்கு அனுப்புகிறோம்.

நாம் இழுக்கும் காற்றில் 100 பங்குக்கு ஏறத்தாழ 21 பங்கு பிராணவாயு. 1774-ல் இதைத் தனியே பிரித்துக் காட்டிய ஜோசப் பிரீஸ்ட்லி இங்கிலாந்து நாட்டுப் போதகர். (அவர் திரித்துவத்தை ஏற்காதவர்; அவர் உபதேசம் நம் சபைகளுக்கு ஒத்ததல்ல. ஆனாலும் பரிசோதனையில் கெட்டிக்காரர்.) அதற்கு 3 ஆண்டுகளுக்கு முன்பே, மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு புதினாச் செடியை வைத்தால் சில நாளில் அந்தக் காற்று மறுபடியும் நல்ல காற்றாகிவிடுகிறது என்று அவர் கண்டிருந்தார். பச்சைச் செடி பிராணவாயுவைக் கொடுக்கிறது. எரிவதும் மூச்சுவிடுவதும் அழுகுவதும் அதை எடுத்துக்கொள்கின்றன. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் குளத்துக் கதை விளங்கும்.

காற்று இலவசம் என்பது மெய். ஆனால் அது நுரையீரலோடு நின்றுவிட்டால் பயனில்லை. நுரையீரலின் நுண்ணிய அறைகளிலிருந்து இரத்தத்துக்குள் போகவேண்டும். இரத்தத்தில் அதைச் சுமக்க ஆள் வேண்டும். சுமந்ததைக் கொண்டுசெல்ல இருதயம் நன்றாக அடிக்க வேண்டும். இவற்றில் எது தடைப்பட்டாலும் உடம்புக்குப் பிராணவாயு குறையும். மற்ற உறுப்புகள் சற்றுப் பொறுத்துக்கொள்ளும். மூளை பொறுக்காது, பிராணவாயு அறவே நின்றால் 4, 5 நிமிடங்களிலேயே அது கெடத் தொடங்கும்.

நுரையீரல் கெட்டிருக்கும்போது சாதாரணக் காற்றில் உள்ள 21 பங்கு போதாது. செறிவு கூட்டிக் கொடுக்கவேண்டும். அதற்குத்தான் சிலிண்டர். வார்டில் நிற்கிற, கறுப்பு உடம்பும் வெள்ளைத் தோளுமுள்ள பெரிய சிலிண்டரில் ஏறத்தாழ 7,000 லிட்டர் வாயு அடைத்திருக்கும். ஒரு நோயாளிக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் கொடுத்தால் ஒரு நாள்கூட முழுதாக வராது. 10 லிட்டர் கொடுத்தால் 12 மணி நேரத்துக்குள் காலி. 2021 ஏப்ரல், மே மாதங்களில் தேசம் முழுவதும் இந்தக் கணக்கைப் போட்டது. தூத்துக்குடியில் மூடிக் கிடந்த தாமிர ஆலையைக்கூடப் பிராணவாயு தயாரிப்பதற்கென்று மட்டும் திறக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அந்த நாட்களில் நம் மருத்துவமனையில் இரவு ஜெபம் முடிந்ததும் நாங்கள் முதலில் செய்த வேலை சிலிண்டர்களை எண்ணுவதுதான். திருச்சிக்குப் போன வண்டி திரும்பி வரும் சத்தம் கேட்கும்வரை யாரும் தூங்கப் போகவில்லை.

இப்போது கேட்கிற இயந்திரம் மின்சாரத்தில் ஓடுவது. அறைக் காற்றை உறிஞ்சி, ஒருவகைக் கனிமத் துகள்களின் வழியே அழுத்தும். துகள்கள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். 100-க்கு 90 பங்குக்கும் மேல் பிராணவாயுவாக வெளியே வரும். லாரிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மின்வெட்டு வந்தால் நின்றுவிடும். ஆகவே சிலிண்டரும் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும். காற்றுக்கு நாம் காசு கொடுக்கவில்லை ஐயா, அதைப் பிரித்தெடுக்கும் வேலைக்குத்தான் கொடுக்கிறோம்.

நிறையக் கொடுத்தால் நல்லதுதானே என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பிராணவாயு ஒரு மருந்து. அதற்கும் அளவு உண்டு. குறைமாதக் குழந்தைகளுக்கு அளவின்றிப் பிராணவாயு கொடுத்ததால் 1940-களிலும் 1950-களின் தொடக்கத்திலும் மேல்நாடுகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கண்பார்வை இழந்தார்கள். காரணம் தெரிந்தபின் அளந்து கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள்.

அளப்பதற்கு விரலில் கவ்வும் சிறு கருவி இருக்கிறது. 2020-க்குப் பிறகு அதைத் தெரியாத வீடே இல்லை. சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஒளி, இரண்டையும் விரல் வழியே செலுத்தி, இரத்தம் எவ்வளவு விழுங்குகிறது என்று பார்க்கிறது. ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அயோயாகி 1974-ல் வெளியிட்ட யோசனை இது. 95-க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்லது. நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் அதை ஏமாற்றும். கறுத்த தோலுள்ளவர்களுக்கு அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. நம் ஜனங்களுக்கு இது முக்கியமான எச்சரிக்கை.

அன்பருடைய இரண்டாவது கேள்விக்கு வருகிறோம். வாழைத்தார் சுமக்கும் ஒரு சகோதரியை அவர் தங்கை கைத்தாங்கலாக அழைத்துவந்தார். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. வருமுன் வேறோர் இடத்தில் விரலில் கருவியை மாட்டிப் பார்த்து, "98 இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்களாம். நம் செவிலியர் அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பே இல்லை. இரத்தத்தைச் சோதித்தபோது ஹீமோகுளோபின் 5 கிராம்.

கருவி பொய் சொல்லவில்லை. சுமக்கிற ஆட்கள் நூறு பேரில் எத்தனை பேர் தலையில் சுமை இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். மொத்தம் எத்தனை ஆட்கள் வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லி லிட்டர் பிராணவாயுவைச் சுமக்கும். 12 கிராம் உள்ள பெண்ணின் ஒரு லிட்டர் இரத்தம் 160 மில்லி சுமந்தால், இந்தச் சகோதரியின் இரத்தம் 67 மில்லிதான் சுமக்கும், அதுவும் 98 என்று காட்டிக்கொண்டே. இயந்திரத்தின் குழாயை அவர் மூக்கில் வைத்தாலும் பெரிதாக ஒன்றும் கூடாது. இரத்தம் ஏற்றினோம், குடற்புழுவுக்கு மருந்தும், பல மாதங்களுக்கு இரும்புச்சத்தும் கொடுத்தோம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை. தார் சுமப்பவர்களும் வெற்றிலை கிள்ளுபவர்களும் கோரை அறுப்பவர்களுமாகிய நம் பகுதிப் பெண்கள் இதில் அடக்கம். அந்தச் சகோதரி, "வேலை அலுப்புன்னு நினைச்சேங்க ஐயா" என்று எங்களிடம் சொன்னார். இரண்டு வருஷமாக அப்படியே நினைத்திருக்கிறார்.

இனிக் குளத்துக் கதை. போன கோடையில் ஒரு நாள் காலை, தொட்டியத்துக்குச் சற்றுத் தொலைவிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து ஒரு பெரியவரும் சில வாலிபரும் வாளி நிறையச் செத்த கட்லாவும் ரோகுவும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஊர்க் குளத்தை மீனுக்குக் குத்தகை எடுத்தவர் அந்தப் பெரியவர். "ஐயா, மருந்து கலந்துட்டானுங்க. டாக்டரம்மாவைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க" என்றார். யார் கலந்தது என்பதும் அதற்குள் முடிவாகியிருந்தது: குத்தகை கிடைக்காத அடுத்த தெருக்காரர்கள். கம்பு எடுக்காத குறை. மீனைப் பரிசோதிக்க நம்மிடம் வசதியில்லை. மீன்வளம் படித்த சபை அன்பர் ஒருவர் முசிறிப் பக்கம் இருக்கிறார். அவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, நாங்கள் பெரியவரோடு அந்த ஊருக்குப் போனோம்.

அன்பர் வந்ததும் மீனைப் பார்க்கவில்லை, கேள்விதான் கேட்டார். எப்போது செத்தது? விடியற்காலையில். பெரியதா சிறியதா? பெரியதுதான் முதலில். விரால் செத்ததா? ஒன்றுகூட இல்லை. நத்தை, தவளை? அவை இருக்கின்றன. "மருந்தென்றால் சிறிதும் பெரிதும் சேர்ந்து சாகும், பகலிலும் சாகும், பூச்சியும் நத்தையும் மிஞ்சாது. இது மூச்சு முட்டிச் செத்த மீன் போலத்தான் தெரிகிறது" என்றார். வாலிபர்கள் நம்பவில்லை. தண்ணீருக்குள் இருக்கிற மீனுக்கு மூச்சு முட்டுமா?

முட்டும். ஒரு லிட்டர் காற்றில் உள்ள பிராணவாயுவில் முப்பதில் ஒரு பங்குகூட ஒரு லிட்டர் தண்ணீரில் கரையாது. 20 பாகை வெப்பத்தில் லிட்டருக்கு 9 மில்லி கிராம் கரையும். நம் கோடையில், 30 பாகையில், ஏழரைதான். சூடு ஏற ஏற மீனுக்குத் தேவை கூடுகிறது. தண்ணீரின் கொள்ளளவோ குறைகிறது. 3-க்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் தவிக்கும். 2-க்குக் கீழே நீடித்தால் சாகும். பகலில் பாசி பிராணவாயு விடும். இரவில் அதே பாசி மூச்சுவிட்டு அதை எடுத்துக்கொள்ளும். ஆகவே விடியுமுன்தான் குளத்தில் மிகக் குறைவு. (ஆஸ்துமாக்காரர்களும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் திணறுவார்கள். ஜெபிக்க வரும்படி வார்டிலிருந்து எங்களை எழுப்புவது அநேகமாக 4 மணிக்குத்தான்.)

அந்தக் குளத்தின் கரையைச் சுற்றி நடந்தபோது மீதியும் விளங்கியது. அறுவடை முடிந்த தோப்புகளிலிருந்து வெட்டிய வாழை மரங்களையும் மட்டைகளையும் எல்லாருமே, மீன் வளர்த்தவர் உட்பட, குளத்து மூலையில்தான் தள்ளியிருந்தார்கள். வயலில் போட்ட யூரியா வடிந்து பாசி தடித்திருந்தது. ஆகாயத்தாமரை பாதிக் குளத்தை மூடியிருந்தது. இரண்டு நாள் மேகமூட்டம், அதன்பின் ஓர் இரவு கோடைமழை. கரைக் குப்பையெல்லாம் உள்ளே வந்துவிட்டது. அழுகும் வாழை, மீன்களின் மூச்சைத் தின்றுவிட்டது.

வாயால் சொன்னது போதவில்லை. மறுநாள் விடியுமுன் அன்பர் மூடி இறுகிய பாட்டிலில் குளத்துத் தண்ணீரை மொண்டு, மாங்கனீசு உப்பும் அயோடைடு கலந்த காரமும் விட்டார். 1888-ல் விங்க்ளர் என்ற ஹங்கேரியர் வெளியிட்ட முறை. பிராணவாயு இருந்தால் உள்ளே படிவது பழுப்பாகும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். அது ஏறத்தாழ வெள்ளையாகவே நின்றது. பிற்பகல் 3 மணிக்கு அதே இடத்தில் எடுத்த பாட்டில் நல்ல பழுப்பு. இரண்டு தெருக்காரரும் வந்து பார்த்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் கம்புகள் வீட்டுக்குப் போயின.

விரால் ஏன் சாகவில்லை என்று ஒரு பையன் கேட்டான். விராலுக்கும் தேளிக்கும் பனையேறிக்கும் நீர்மட்டத்துக்கு மேலே வந்து காற்றையே நேரே விழுங்கும் உறுப்பு உண்டு. அந்தப் பனையேறியின் பெயர் உலகத்துக்குத் தெரிந்ததில் நம் மிஷனுக்கும் பங்கு இருக்கிறது. தரங்கம்பாடி மிஷனெரி கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் நம் கரையோர மீன்களைச் சேர்த்து, பெர்லினில் இருந்த பிளாக் என்ற அறிஞருக்கு அனுப்பிவந்தார். பனையேறியை 1792-ல் பிளாக் நூலில் விவரித்தார். ஒரு மீன் இனத்துக்கு ஜானின் பெயரையே இட்டார். 1791-ல் தரங்கம்பாடியில் ஒரு டேனிஷ் அதிகாரி, பனைமரத்தில் அது ஏறியதைத் தான் கண்டதாக எழுதிவைத்தார். ஏறியதோ இல்லையோ, தண்ணீர் கெட்டால் வேறு குளம் தேடி ஈரத்தரையில் நகரும் என்பது உண்மை. கட்லாவுக்கு அந்த வழி இல்லை.

குளத்தில் நடந்தது ஆற்றிலும் நடக்கக்கூடும். பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் தொட்டியத்துக்கு மேற்கேதான் காவிரியில் கலக்கின்றன. அவற்றோடு ஊர்களின் சாக்கடையும் வருகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ல் வெளியிட்ட பட்டியலில் மேட்டூர் முதல் மயிலாடுதுறை வரை காவிரி மாசடைந்த பகுதியென்று குறிக்கப்பட்டது. அழுக்கைச் சிதைக்கும் கிருமிகள் எவ்வளவு பிராணவாயுவைச் செலவழிக்கின்றன என்பதைக் கொண்டே அந்தக் கணிப்பு. மீன் வாழ லிட்டருக்கு 4 மில்லி கிராமும், மனிதர் குளிக்க 5-ம் இருக்கவேண்டும் என்பது அந்த வாரியத்தின் அளவு. ஆனியில் மேட்டூர் திறந்து அகண்ட காவிரி நிறைந்து ஓடும்போது அது தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். ஓடுகிற தண்ணீர் காற்றைக் கலந்துகொள்ளும். எசேக்கியேல் 47-ஆம் அதிகாரத்து நதியை வாசிக்கும்போதெல்லாம் எங்களுக்கு இந்த ஆறுதான் நினைவுக்கு வருகிறது. கோடையில் மடுக்களாகத் தேங்கும்போதோ அந்தக் குளத்தின் கதைதான்.

இதே காரணத்தால் ஒரு வார்த்தை: நெடுநாள் மூடிய கிணற்றிலும் கழிவுத் தொட்டியிலும் இறங்காதீர்கள், யாரையும் இறக்காதீர்கள். அழுகல் அங்கேயும் பிராணவாயுவைத் தீர்த்து, நச்சு வாயுவை விட்டுவைக்கிறது. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை நம்பாதீர்கள். நச்சு வாயுவை அது காட்டாது, மீத்தேன் இருந்தால் தீப்பற்றும். விழுந்தவரைத் தூக்க இறங்கியவர்களும் இறந்ததை நாம் எத்தனையோ முறை செய்தித்தாளில் படித்திருக்கிறோம். கழிவுத் தொட்டியில் ஆளைப் பாதுகாப்பின்றி இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஆகவே, மூத்த அன்பருக்கு எங்கள் பதில்: இயந்திரம் நுரையீரல் கெட்டவர்களுக்கு. இரத்தப் பரிசோதனை, நுரையீரல் நன்றாயிருந்தும் சுமக்க ஆளில்லாதவர்களுக்கு. இரண்டாமவர்கள்தான் நம் கிராமங்களில் அதிகம்; அவர்கள் தாங்களாக மருத்துவமனைக்கு வருவதில்லை. இயந்திரத்துக்கு இன்னும் கொஞ்சம் தொகை வேண்டியிருக்கிறது. பரிசோதனைக்குச் செவிலியர்கள் செவ்வாயும் வெள்ளியும் புறப்படுகிறார்கள். தார் சுமக்கும் அந்தச் சகோதரியும் இப்போது அவர்களோடு வீடு வீடாகப் போகிறார். மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் சத்து உடம்பில் ஒட்டாது என்று அவர் சொன்னால் பெண்கள் கேட்கிறார்கள். நாங்கள் சொன்னபோது கேட்கவில்லை.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனை ஆயர்