வாழை மட்டையிலும் நல்ல காகிதம்

தார் வெட்டிய பின் வாழை மரத்தை அப்புறப்படுத்துவதே விவசாயிகளுக்குக் கூலிச் செலவு. வரப்பில் கிடந்து அழுகும் அந்த மட்டையில் உறுதியான காகிதத்துக்கு ஏற்ற நீண்ட நார் இருக்கிறது.

காகிதத்துக்கு மரம்தான் வேண்டும் என்பதில்லை. மரக்கூழ் 19-ம் நூற்றாண்டில்தான் வழக்கத்துக்கு வந்தது. கரும்பு, நெல், மூங்கில் மூன்றும் புல் இனமே. மூன்றிலும் காகிதம் செய்யலாம். கரூரை அடுத்த புகளூரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை 1984 முதல் கரும்புச் சக்கையைக் கூழாக்கி வருகிறது. சக்கையிலுள்ள பஞ்சு போன்ற சோற்றுப் பகுதியை முதலில் நீக்கிவிடுவார்கள். அது தங்கினால் கூழில் தண்ணீர் வடியாது.

வைக்கோலின் குறை வேறு. அதன் நார் குட்டையானது. தனியே செய்தால் தாள் வழவழப்பாக வரும், ஆனால் சுலபமாகக் கிழியும். வாழை நாரைக் கலந்தால் உறுதி கூடும். மாட்டுக்கு வேண்டிய வைக்கோலை இதற்குக் கொடுக்க வேண்டாம், மிஞ்சியதே போதும்.

கைக்காகிதம் செய்ய, சுரண்டி எடுத்த நாரை 2 செ.மீ. துண்டுகளாக நறுக்க வேண்டும். நீளமாக விட்டால் தொட்டியில் சிக்குப் போடும். ஊறவைத்து, சோடா உப்பு சேர்த்து இரண்டு மூன்று மணி நேரம் வேகவிடலாம். அலுமினியப் பாத்திரம் ஆகாது, காரம் அதை அரித்துவிடும். விரலால் இழுத்ததும் நார் பிரிந்தால் பதம். பிறகு தண்ணீர் தெளியும் வரை, வழுவழுப்பு போகும் வரை அலசுங்கள். இங்கே அவசரப்பட்டவர்களின் தாள்தான் சில மாதங்களில் பழுப்பேறுகிறது. அலசிய நாரை இடித்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் அள்ளி, துணியில் கவிழ்த்து, அழுத்தி, உலர்த்த வேண்டும். வெந்த கறுப்பு நீரை வாய்க்காலில் விடக் கூடாது.

ஒரு மரத்தில் கிடைக்கும் உலர்ந்த நார் சில நூறு கிராம்தான். எனவே ஒருவர் தோட்டம் போதாது. அக்கம்பக்கத்தார் சேர்ந்தால்தான் கட்டும். மட்டையில் சாம்பல் சத்து மிகுதி. நார் எடுத்த கழிவைத் தோட்டத்திலேயே மக்கவிடாவிட்டால், மறுதாம்புக்கு அந்தச் சத்தை உரமாக வாங்கிப் போட நேரும்.

இயந்திரம் வாங்குமுன் பத்துத் தாள் செய்து, வாழ்த்து அட்டை, கோப்பு அட்டை தயாரிப்பவர்களிடம் காட்டி விலை கேட்டு வாருங்கள்.